அண்ணன் திறக்காத பானெட்

என் கணவரின் அக்கா வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவிதான் ஓய்வு பெற்றது. கண்காணிப்பு இன்னும் பணியில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றியதும் மேலே பார்ப்பார். ஃபேன் அவர் விரும்பும் வேகத்தில் சுற்றவில்லை என்றால் உட்கார மாட்டார். என் கணவர் ஓடிப் போய் ரெகுலேட்டரைத் திருப்புவார். திருமணமாகிப் பதினாறு வருடமாக இந்த ரெகுலேட்டர் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் பெரிய வண்டி ஒன்று வாங்கினார். வீட்டு வாசலில் இரண்டு வண்டி நிறுத்த இடமில்லை. பழைய வண்டியை முகம் தெரியாதவனிடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் எங்களிடம் விற்றார். இதை அவர் எங்களுக்குச் செய்த உதவி என்று குடும்பத்தில் எல்லோரும் இன்றுவரை நம்புகிறார்கள்.

எனக்கும் அப்போது வண்டி தேவைப்பட்டது. கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். திருவண்ணாமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே பாடம் நடத்தி, நின்றுகொண்டே திரும்பி வந்துகொண்டிருந்தேன். முப்பத்தொன்பதாவது வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டேன். என் கணவர் பைக்கோடு நிறுத்திக்கொண்டவர். கார் ஓட்டுவது பற்றிய அறிவுரைகளை மட்டும் கைவசம் வைத்திருந்தார்.

பழைய வண்டி வாங்கும் எவரும் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். ஒன்றும் புரியாவிட்டாலும் உள்ளே குனிந்து பார்த்து, எதையாவது தொட்டு, விரலைத் துடைத்துக்கொள்வார்கள். எங்களால் அது முடியவில்லை. அண்ணனிடம் போய் பானெட்டைத் திறங்கள் என்று சொல்வது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு அண்ணியிடம் சாம்பாரில் பல்லி கிடக்கிறதா என்று கேட்பதற்குச் சமம். என் கணவர் முதல் நாளே எச்சரித்து வைத்திருந்தார்.

“எதுவும் கேட்காத. மாமா தப்பா எடுத்துக்குவாரு.”

அண்ணன் வண்டியை ஒப்படைக்கும்போது முக்கால் மணி நேரம் வகுப்பு எடுத்தார். ஹாரனை எத்தனை அழுத்தம் அழுத்தலாம், ஏசியை எந்த எண்ணில் வைக்கலாம், வெயில் மறைப்பை எப்படி மடிக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் முறை வைத்திருந்தார். வண்டியின் முன்பக்கக் கிரில்லில் கறுப்புக் கயிற்றில் படிகாரமும் காய்ந்த எலுமிச்சையும் மிளகாயும் கனமாகத் தொங்கின. அதை மட்டும் ஒருபோதும் அவிழ்க்கக் கூடாது, வண்டிக்கு இத்தனை வருடமாக ஒன்றும் ஆகாமல் இருப்பதற்கு அந்தத் திருஷ்டிக் கயிறுதான் காரணம் என்றார். பானெட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை. கண்ணாடியைக் கழுவும் தண்ணீர் தீர்ந்திருந்தது. அதை ஊற்றுவது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சின்ன லீவரைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். லீவர் கையோடு வந்துவிட்டது. வெறும் லீவர். பானெட் அப்படியே இருந்தது. ஒடிந்த பிளாஸ்டிக் துண்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாரத்திலேயே வண்டியை உடைத்தவள் என்று அண்ணன் என்னை எத்தனை விசேஷங்களில் சொல்வார் என்று கணக்குப் போட்டேன். எங்கள் சொந்தத்தில் விசேஷங்கள் ஜாஸ்தி.

போன் செய்து சொன்னபோது அண்ணன் கோபப்படவில்லை. அதுதான் ஆச்சரியம். அதை எதுக்கும்மா இழுக்கிற என்று மட்டும் கேட்டார். இந்தக் காலத்து இன்ஜினைத் திறந்து திறந்து பார்த்தால் தூசி போய்க் கெட்டுவிடுமாம். அவர் மூன்று வருடமாகத் திறக்கவில்லையாம், வண்டி எப்படி ஓடுகிறது பார் என்றார். கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளச் சொன்னார்.

நானும் துடைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது என்மீதே எனக்குக் கோபம் வருகிறது. நாற்பது பிள்ளைகளிடம் “ஏன், எப்படின்னு கேள்வி கேளுங்க” என்று தினமும் சொல்கிறவள், ஐந்து மாதம் இன்ஜினின் முகத்தையே பார்க்காமல் வண்டி ஓட்டினேன். ஒடிந்த லீவரைத் தூக்கிப் போடவும் மனமில்லை. சில்லறை வைக்கும் குழியில் போட்டு வைத்திருந்தேன்.

பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம் பள்ளி முடிந்து செஞ்சி ரோட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். கிரிவலத்துக்குப் போகும் பஸ்களும் வேன்களும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பாதி தூரம் வந்ததும் வெப்பம் காட்டும் முள் மேலே ஏற ஆரம்பித்தது. சிவப்பைத் தொட்டது. முன்பக்கமிருந்து லேசாக ஆவியும் வந்தது. வேர்க்கடலை போட்டிருந்த ஒரு மணிலாக் கொல்லை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

ஒரு பெண் தனியாகக் காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றால் இந்த ஊரில் உதவிக்குப் பஞ்சமே இல்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு வேன் நின்றது. திண்டிவனம் பக்கமிருந்து கிரிவலத்துக்கு வந்த ஒரு கூட்டம் இறங்கியது. அவர்களில் எல்லோருக்குமே கார் தெரிந்திருந்தது. ஒருவர் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எங்கே ஊற்றுவது என்று கேட்டதும் பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறக்க வரவில்லை என்றதும் என்னை இரக்கமாகப் பார்த்தார். இன்னொருவர், பெண்கள் லீவரை இழுக்கும் முறையே தப்பு என்று விளக்கிவிட்டு உள்ளே குனிந்தார். லீவர் இல்லை. சில்லறைக் குழியிலிருந்து எடுத்துக் காட்டினேன். அதற்கப்புறம் அவர் முறை பற்றிப் பேசவில்லை.

மணிலா மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டர்காரர் ஒருவர் மட்டும் உருப்படியாக ஒன்று செய்தார். கட்டிங் பிளையர் கொண்டு வந்து, லீவர் இருந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த கேபிளின் நுனியைப் பிடித்தார். நான் இழுக்கும்போது நீங்க மேல நடுவுல ஒரு தட்டு தட்டுங்க என்று என்னிடம் சொன்னார். தட்டினேன். டொக் என்று சத்தம் கேட்டு, பானெட் ஒரு விரல் உயரம் எழும்பியது. வேன்காரர்கள் கை தட்டினார்கள். அவ்வளவுதான், அதற்குமேல் வரவில்லை. இடுக்கில் கையை விட்டுக் கொக்கியை நகர்த்தினால் திறக்கும் என்றார்கள். வரிசையாக ஏழு பேர் கையை விட்டார்கள். ஏழு பேரும் விரலைச் சுட்டுக்கொண்டு எடுத்தார்கள். ஒருவர் கடப்பாரை இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்ததும் நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

கடைசியில் டிராக்டர்காரர் கயிறு போட்டு இழுத்துப் போகச் சம்மதித்தார். அப்படித்தான் மூட்டைகளுக்குப் பின்னால், வாயை ஒரு விரல் திறந்த பானெட்டோடு, மலையை நோக்கி ஊர்ந்தேன். தாண்டிப் போன ஒரு பஸ்ஸின் ஜன்னலிலிருந்து என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் “குட் ஈவினிங் டீச்சர்” என்றார்கள். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நானும் மரியாதையாகப் பதில் சொன்னேன்.

ஊருக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு மெக்கானிக் கடை இருக்கிறது. அதை வைத்திருப்பவரை எல்லோரும் பாய் என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். தேவைக்கு மேல் பேசாதவர். அவர் ஏற்கெனவே சாமான்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு அந்த இடமெல்லாம் தற்காலிக பஸ் ஸ்டாண்டு ஆகிவிடும், வண்டியை விட்டுவிட்டுப் போனால் ரெண்டு நாளைக்கு எடுக்க முடியாது, அதனால் இன்றைக்கே திறந்தாக வேண்டும் என்றார். நான் அண்ணனின் தத்துவத்தை, இன்ஜினைத் திறந்தால் தூசி போகும் என்று அவர் மூன்று வருடமாகத் திறக்காததைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“மூணு வருஷமா ஆயில் மாத்தலியா?” என்று மட்டும் கேட்டார்.

டார்ச் அடித்து இடுக்கில் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இந்தக் கயிற்றை அவிழ்க்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். சாமி சம்பந்தப்பட்டது, அவராக அறுக்க மாட்டாராம். தாராளமாக அவிழுங்கள் என்றேன். படிகாரமும் எலுமிச்சையும் கீழே விழுந்தன. அதற்குப் பின்னால் கிரில்லுக்குள் கட்டுக்கம்பி தெரிந்தது. வீடு கட்டும்போது முறுக்குக் கம்பிகளைப் பிணைப்பார்களே, அந்தக் கம்பி. பானெட்டின் கொக்கியையும் கிரில் சட்டத்தையும் சேர்த்து நாலு சுற்று சுற்றி, நன்றாக முறுக்கி, முனையை மடக்கிவிட்டிருந்தது. முறுக்கியவர் பொறுமைசாலி. ஒவ்வொரு சுற்றும் சீராக இருந்தது, ஃபைல் கட்டிய கைபோல.

பாய் கம்பியை நறுக்கினார். பானெட் திறந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு என் இன்ஜினை முதன்முதலாகப் பார்த்தேன். இன்ஜினுக்கு மேல் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. மணிலாத் தோல், பஞ்சு, ஒரு விபூதிப் பொட்டலம். பக்தியுள்ள எலி. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் டப்பா காய்ந்து கிடந்தது. ஆயில் தார்போல இருந்தது. தூசி போகவில்லை என்பது மட்டும் பொய்யில்லை. தூசிக்கு இடம் இருக்கவில்லை.

எலிக் கூட்டை வாரிக் கொட்டிவிட்டு, ஒழுகிய டியூபை மாற்றினார். ஆயிலை மாற்றினார். பிறகு பானெட் லாக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். துருவும் பழைய கிரீஸும் கரைந்து போன பின் பார்த்தால், அது கையளவு இரும்பில் இரண்டு கொக்கியும் இரண்டு ஸ்பிரிங்கும்தான். அதற்குத்தான் இத்தனை பேர் விரலைச் சுட்டுக்கொண்டார்கள். புதுக் கேபிளை எங்கேயும் மடியாமல் ஓரமாகவே கொண்டு வந்து கோர்த்தார். ரொம்ப இழுத்துக் கட்டினால் லாக் முழுசாகப் பிடிக்காது, தளர்வாக விட்டால் லீவர் இழுத்தும் திறக்காது என்றார். கணக்கு டீச்சருக்குப் புரிகிற மாதிரி, நடுவில் ஒரு சின்ன அளவு இருக்கிறது என்று விரல் நுனியைக் காட்டினார். கொக்கிகளில் கிரீஸ் தடவி, கீல்களில் ரெண்டு சொட்டு ஆயில் விட்டார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்க, இதுக்கு மெக்கானிக் வேணாம் என்றார்.

பானெட்டை மூடும்போது ஒரு முழ உயரத்திலிருந்து விட்டார். டப் என்று விழுந்தது. எனக்குப் பதறியது. நான் எப்போதும் எதையும் மெதுவாக மூடுகிறவள்.

“அழுத்தி மூடுனா முதல் லாக் பாதிதான் பிடிக்கும் டீச்சர். விட்டாத்தான் பிடிக்கும். இந்த வண்டியிலயே ஒருத்தர் அப்படி மூடியிருக்காரு.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். கீல் ஒன்று லேசாக வளைந்திருப்பதைக் காட்டினார். பிறகு என்னைக் கூட்டிப் போய், முன் கண்ணாடிக்கு மேலே கூரையின் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பெயிண்டுக்குக் கீழே ஒரு பள்ளம் கையில் தட்டியது. கண்ணாடியும் பழைய கண்ணாடி இல்லையாம், மாற்றியதாம்.

“ஓடிட்டிருக்கும்போது ஒரு தடவை பறந்திருக்கு” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஓடும்போது பானெட் பறந்த வண்டியை, கம்பியால் கட்டி, மேலே எலுமிச்சம்பழத்தைத் தொங்கவிட்டு, சொந்த மச்சான் பெண்டாட்டிக்கு விற்றிருக்கிறார். வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மாமா ஏதாவது காரணத்தோடதான் செஞ்சிருப்பாரு என்றார். நான் அந்தக் கம்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பௌர்ணமிக் கூட்டம் வடிந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வண்டியை ஓட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன். முறைப்படி என்ற சொல்லை மூன்று இடத்தில் வைத்திருந்தேன், அது அவருடைய சொல் என்பதால். போனால் அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். அண்ணி காபி கொண்டு வந்தாள். கம்பியை எடுத்து டீப்பாய் மேல் வைத்தேன். அண்ணி அதைப் பார்த்தாள், குளியலறைப் பக்கம் பார்த்தாள், பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன்னால் போளூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனார்களாம். கிளம்புவதற்கு முன் அண்ணன் தானே பானெட்டைத் திறந்து கண்ணாடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பெயிண்டு போகக் கூடாது என்று உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி மூடியிருக்கிறார். இரண்டாவது கொக்கியும் துருப்பிடித்துக் கிடந்திருக்க வேண்டும். போளூர் ரோட்டில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது பானெட் கண்ணாடியில் வந்து அறைந்தது. கண்ணாடி தூளானது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. எதிரே பஸ் வந்த சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. ஜன்னலில் தலையை நீட்டி எப்படியோ ஓரம் கட்டிவிட்டார்.

“நிறுத்துனதுக்கு அப்புறம் அவரால எறங்க முடியலம்மா. கால் ரெண்டும் அப்படி ஆடுச்சு. நான்தான் எறங்கி, அவர் துண்டை வாங்கி பானெட்டைக் கட்டுனேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு என் கையைப் புடிச்சிக்கினாரு. மறுநாள் அந்தக் கம்பியை வாங்கிட்டு வந்தாரு.”

அதற்கப்புறம் அந்த வண்டியை அவர் காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் தவிர எடுக்கவில்லையாம். புது வண்டியையும் ஷோரூமிலிருந்து எடுத்து வந்த நாளோடு சரி, மகன் வந்தால்தான் வெளியே எடுப்பதாம்.

இது எனக்குத் தொல்லையாகிவிட்டது. தயார் செய்து வந்த வசனத்தில் ஒரு வரியைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை. கோபம் போகவில்லை, அந்தக் கம்பி அறுந்திருந்தால் செஞ்சி ரோட்டில் என் கண்ணாடியும் தூளாகியிருக்கும். ஆனால் பதினாறு வருடமாக எங்கள் ஃபேனை அதட்டிக்கொண்டிருந்த மனிதர், கால் ஆட ஆட ரோட்டோரம் உட்கார்ந்திருந்ததும் கண்ணில் வந்து நின்றது.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். கம்பியைப் பார்த்ததும் துவட்டுவதை நிறுத்தினார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வெளிய வாங்கண்ணா, ஒண்ணு காட்டணும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். லீவரை இழுத்தேன். டொக் என்று பானெட் ஒரு விரல் எழும்பியது. அண்ணன் படியிலேயே நின்றார். இதோ பாருங்க, முதல் லாக் விட்டாலும் ரெண்டாவது கொக்கி பிடிச்சிருக்கு என்று, பானெட்டின் நுனியைப் பிடித்து மேலே இழுத்துக் காட்டினேன். வரவில்லை. பிறகு கொக்கியை விரலால் நகர்த்தித் திறந்து, பாய் செய்ததைப்போலவே ஒரு முழ உயரத்திலிருந்து விட்டேன். சத்தத்துக்கு அண்ணன் ஒரு படி பின்னால் போனார்.

“இன்னொரு தடவை செய்” என்றார்.

செய்தேன். இன்னொரு தடவை என்றார். நாலாவது தடவை படியிலிருந்து இறங்கி வந்தார். குனிந்து கொக்கியைப் பார்த்தார். கிரீஸ் எங்கே வாங்கினது, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கேட்டார். ஐந்தாவது தடவை பானெட்டை அவரே பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். கை வலிக்கும் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விட்டார். டப் என்று விழுந்தது. உடனே நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

“தண்ணி ஊத்துனேன். மெதுவா மூடுனேன். அவ்ளோதாம்மா நான் செஞ்சது” என்றார்.

“தெரியும்ணா” என்றேன். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாததால், “வித்தப்பவாவது சொல்லியிருக்கலாம்” என்றேன்.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய அலுவலக அகராதியில் இல்லை போலிருக்கிறது, தலையாட்டலோடு நின்றது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அண்ணி உள்ளேயிருந்து காபி ஆறிப்போனதைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

இதெல்லாம் அவரை மாற்றிவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அடுத்த மாதம் ஒரு காதுகுத்து விழாவில் அவர், பானெட் எப்போதுமே ஒரு முழ உயரத்திலிருந்துதான் மூட வேண்டும், இது யாருக்கும் முறைப்படி தெரிவதில்லை என்று நாலு பேருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். அந்த நாலு பேரில் என் கணவரும் ஒருவர். பயபக்தியோடு கேட்டுக்கொண்டு வந்து, வீட்டில் எனக்கு அதை விளக்கினார். நான் முழுவதையும் கேட்டேன். இப்போதெல்லாம் நான் வண்டிக்கு கிரீஸ் போடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் புது வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில், எங்கள் வீட்டுக்கு வருகிறார். அவருடைய பானெட்டுக்கும் சேர்த்து நான்தான் கிரீஸ் போடுகிறேன். அவர் பக்கத்தில் நின்று, ரொம்ப ஜாஸ்தியா தடவுறியே என்கிறார்.